ராத்திரியில் தானாக மணி அடிக்கும் கொடெக்: வீடியோ கொன்பரன்ஸ் கேள்வி-பதில்

எங்கட கூட்ட அறைக் கொடெக் (வீடியோ அழைப்புப் பெட்டி) நடுச்சாமத்தில மணி அடிக்குது. அழைக்கிறது "100" எண்டு காட்டுது, எடுத்தால் சத்தமே இல்லை. சில நாள் காலையில வந்து பார்த்தால் திரை இறுகிப்போய் நிக்குது. ஆரும் வேணுமெண்டு செய்யினமோ? (கிளிநொச்சி)

உங்களைத் தெரிந்து யாரும் செய்யவில்லை. இணையத்தில் உள்ள ஐபி முகவரிகளை ஒன்றுவிடாமல் தட்டிக்கொண்டு போகும் நிரல்கள் உண்டு. சிப்விசியஸ் அவற்றில் பேர்போனது. மற்றவன் காசில் வெளிநாட்டு அழைப்பு எடுக்க வசதியாக, 5060ஆம் போர்ட்டில் (கருவியின் இலக்கமிட்ட இணைய வாசல்) பதில் சொல்லும் தொலைபேசிப் பரிமாற்றகங்களைத்தான் அவை தேடுகின்றன. கொடெக்கும் அந்தப் பரிமாற்றகங்களைப் போலவே சிப் எனும் இணைய அழைப்பு முறையில் கதைக்கிறது. ஆகவே அதற்கும் ஓர் இன்வைட் (அழைப்பைத் தொடங்கும்) செய்தி வந்து விழுகிறது, மணி அடிக்கிறது.

இறுகிப்போவது இதன் அடுத்த கட்டம். வரும் ஒவ்வோர் இன்வைட்டுக்கும் கருவி நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கி, பதில் அனுப்பி, அழைப்பு முடியும் வரை காத்திருக்கும். ஒரு செக்கனுக்கு இத்தனைக்கு மேல் ஏற்கமாட்டேன் என்ற கட்டுப்பாடு மென்பொருளில் இல்லாவிட்டால், இன்வைட் மழை பெய்யும்போது கருவி திணறி, தானே மறுதொடக்கம் ஆகும். 2017 யூனில் சிஸ்கோ தன் டெலிபிரசென்ஸ் கருவிகளின் டிசி, சிஇ மென்பொருள்களில் இதே குறையை அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. பாஸ்வேட் எதுவும் தெரியாமலே இதைச் செய்யலாம் என்பதுதான் சங்கடம்.

செய்யவேண்டியதை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் ரவுட்டரில் 5060, 5061, 1720 போர்ட்டுகளை வெளியிலிருந்து கொடெக்குக்குத் திருப்பிவிடும் விதிகளை அழியுங்கள். யூபிஎன்பி (கருவிகள் தாமே போர்ட் திறக்க விடும் வசதி) ஓடினால் அதையும் நிறுத்துங்கள். அடுத்து, கொடெக் ஒரு சிப் சேவையகத்தில் பதிவாகி இருந்தால், அமைப்புகளில் சிப் பகுதிக்குள் 'லிசின் போர்ட்' என்பதை 'ஓஃப்' ஆக்குங்கள். அதன்பின் சேவையகம் வழியாக வரும் அழைப்பு மட்டுமே மணி அடிக்கும். எச்.323 (சிப்பைப் போன்ற இன்னோர் அழைப்பு முறை) பாவிப்பதில்லை என்றால் அதையும் அணையுங்கள். தானாகப் பதிலளிக்கும் வசதி போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நடுச்சாமத்து அழைப்புக்கு உங்கள் கமெராவும் மைக்கும் தாமாகத் திறப்பது மணிச் சத்தத்தை விட மோசம். ஃபேர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு கடைசி. அது அவசியம்தான், ஆனால் படலையைப் பூட்டாமல் வீட்டுக்குள் அலுமாரியைப் பூட்டிப் பலனில்லை.

வெளியிலிருந்து அழைப்பு வரவேண்டுமெண்டால் ரவுட்டரில டிஎம்இசட் (எல்லாப் போர்ட்டையும் கருவிக்குத் திறந்துவிடுறது) போடத்தான் வேணும் எண்டு பொருத்த வந்த தம்பி சொன்னார். சரியோ? (மாங்குளம்)

எச்.323 நேரடி அழைப்புக்கு 1720 போதாது. படமும் குரலும் அழைப்புக்கு அழைப்பு மாறும் போர்ட்டுகளில் வரும். ஒவ்வொன்றாகத் திறக்கப் பஞ்சிப்பட்டுத்தான் பலர் டிஎம்இசட் போட்டுவிட்டுப் போகிறார்கள். வேலை நடக்கும். கூடவே கருவியின் அமைப்புகளுக்கான இணையப்பக்கமும் எஸ்எஸ்எச் எனும் தொலைக் கட்டளை வாசலும் வெளியே தெரியும். வேலியே இல்லாத வளவு!

கூட்டங்களுக்கு நீங்களே அழைத்துச் சேர்பவர் என்றால் உள்ளே வர ஒரு போர்ட்டும் திறக்கத் தேவையில்லை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள ஓர் அலுவலகம் நேரடியாக உங்களை அழைக்க வேண்டுமென்றால், அவர்களுடைய நிலையான ஐபி முகவரியை வாங்கி அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

திறந்திருக்கிறதா என்று பார்க்க, அலுவலக வைஃபையை விட்டுக் கைத்தொலைபேசி டேட்டாவிலிருந்து உங்கள் சொந்த முகவரியை மட்டும் என்மேப் எனும் போர்ட் சோதிக்கும் நிரலால் சோதியுங்கள். டிசிபி, யூடிபி என இருவகைத் தரவுப் போக்குவரத்து உண்டு. டிசிபி முடிவை ஓரளவு நம்பலாம். யூடிபி 5060க்கு அது அநேகமாக "திறந்தது அல்லது வடிகட்டப்பட்டது" என்றே சொல்லும். அதை வைத்து முடிவெடுக்காமல் ரவுட்டரின் விதிப் பட்டியலையே பாருங்கள்.

கூட்டம் நடுவில கொடெக் ரீஸ்ராட் ஆகுது. தாக்குதலோ, கரண்ட் பிரச்சினையோ எண்டு எப்படிப் பிடிக்கிறது? (ஒட்டுசுட்டான்)

கொடெக் இருக்கும் அதே யூபிஎஸ்ஸில் உள்ள நெட்வேர்க் சுவிட்சின் ஓடும் நேரத்தையும் கொடெக்கின் ஓடும் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தால் மின்சாரம். கொடெக் மட்டும் என்றால் வெப்பம் அல்லது மென்பொருள். மூடிய மர அலுமாரிக்குள் வைத்திருந்தால் சித்திரை வைகாசி வெயிலில் வெப்பத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். கொடெக்கின் பதிவேட்டில் (லொக்), அது விழுவதற்கு முந்திய நிமிடங்களில் தெரியாத எண்களிலிருந்து வரிசையாக அழைப்புகள் இருந்தால், முதல் பதிலுக்குப் போங்கள்.

பதிவேட்டைக் கருவியிலேயே விடாமல் வேறொரு கணினிக்கு அனுப்ப ஒழுங்குசெய்யுங்கள். நேரம் பிழையாக இருந்தால் பதிவேடு உதவாது. என்டிபி (நேரம் சொல்லும்) சேவையகத்தையும் +5:30 நேர வலயத்தையும் சரிபாருங்கள்.

நாங்கள் 4ஜி ரவுட்டரில ஓடுறம். எங்களுக்கும் இந்த ஆபத்து இருக்கோ? (மல்லாவி)

ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 10. என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் நீங்கள் தொலைபேசி நிறுவனத்தின் பொது 'நாட்' (NAT, பலர் ஒரே வெளி முகவரியைப் பகிரும் ஏற்பாடு) ஒன்றுக்குப் பின்னால் இருக்கிறீர்கள்; வெளியிலிருந்து நேரே தட்ட முடியாது. நிலையான ஐபி வாங்கிய அன்று இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கருவி உள் வலையமைப்பில மட்டும்தான் இருக்கு, இணையத்துக்கு இல்லை. அப்ப விட்டிடலாமோ? (வவுனியா)

விடவேண்டாம். 2017 மேயில் அதே சிஸ்கோ சிஇ மென்பொருளில் இன்னொரு குறை வெளிவந்தது: வரும் ஐசிஎம்பி (பிங் செய்யும்போது போகும்) பொதியின் அளவைச் சரியாகச் சோதிக்காததால், திட்டமிட்டு அமைத்த ஒரு பொதியே கருவியை விழுத்தும். பயிற்சிக்கு வருபவரின் மடிக்கணினி அதே வைஃபையில் இருந்தால் அதுவும் உள்ளேதான் நிற்கிறது. கொடெக்கைத் தனி விலானில் (சுவிட்சில் பிரித்த தனி வலையமைப்பு) போட்டு, விருந்தினர் வைஃபையிலிருந்து அதற்குப் போகும் வழியை அடையுங்கள்.

பழைய கருவி, புதுப்பிப்பு வாறதில்லை. எறியவோ? (நெடுங்கேணி)

தனி விலான், மூடிய போர்ட், வெளியே அழைக்க மட்டும் என்று வைத்தால் இன்னும் சில காலம் பாவிக்கலாம். உற்பத்தியாளர் தளத்தில் கடைசிப் பதிப்பு கிடைத்தால் மட்டும் போடுங்கள். கோப்பு பெரிது, இரவுநேர டேட்டாவில் இறக்குங்கள். எஸ்எச்ஏ எண்ணை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடாமல் ஏற்றவேண்டாம். அமைப்புகளைப் பிரதி எடுத்து, யூபிஎஸ் பற்றரி நிரம்பியிருக்கும் வேளை பார்த்துத் தொடங்குங்கள். பாதியில் கரண்ட் போனால் கருவி எழும்பாமலே போகலாம்.