உப்புக் காற்றில் எலெக்ட்ரிக் கார் தாங்குமா? ராமநாதபுரம் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

ராமநாதபுரத்தில் 20 வருடத்துக்கு மேல் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக சொந்தத்தில் ஒரு எலெக்ட்ரிக் காரும் ஓடுகிறது. கம்பெனிகள் பெட்ரோல், டீசலை விட்டு கரண்டுக்கும் ஹைபிரிடுக்கும் (பெட்ரோல் இன்ஜினோடு கரண்ட் மோட்டாரும் சேர்ந்தது) மாறுவது பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

உச்சிப்புளி: அண்ணே, 2030க்குள் பெட்ரோல் காரையே நிறுத்தப் போகிறார்களாமே? இப்போது பெட்ரோல் கார் வாங்கினால் ஏமாந்துவிடுவேனா?

மாட்டீர்கள். வோல்வோ கார் கம்பெனியின் கதையைக் கேளுங்கள். 2030க்குள் எலெக்ட்ரிக் கார் மட்டும்தான் விற்போம் என்று 2021இல் அறிவித்தார்கள். 2024 செப்டம்பரில், ஹைபிரிடும் இருக்கும் என்று இறங்கி வந்துவிட்டார்கள். சீனாவின் பிஒய்டி 2022 மார்ச்சோடு வெறும் பெட்ரோலில் ஓடும் கார்களை நிஜமாகவே நிறுத்தியது. ஆனால் அவர்கள் விற்பதில் பெரும் பங்கு, சுவரில் செருகி ஏற்றும் பிளக்-இன் ஹைபிரிட். அதற்குள்ளும் பெட்ரோல் இன்ஜின் உண்டு. நார்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது எலெக்ட்ரிக் என்பது உண்மைதான். அங்கே வரிச்சலுகையை வருடக்கணக்கில் அள்ளிக் கொடுத்தார்கள். கம்பெனி சொல்லும் வருடம் கம்பெனியின் கணக்கு. உங்களுடைய 15 வருட ஆர்.சி. முடியும் வரை உச்சிப்புளி பங்கில் பெட்ரோல் கிடைக்கும்.

கேணிக்கரை: நன்றாக ஓடிக்கொண்டிருந்த டீசல் காரை மாருதி ஏன் நிறுத்தியது?

2020 ஏப்ரல் 1இல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. டீசல் புகையைச் சுத்தப்படுத்த டிபிஎஃப் என்ற வடிகட்டி முதலான சாமான்கள் தேவைப்பட்டன. சின்னக் காரில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 2015 செப்டம்பரில், சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் சாஃப்ட்வேரோடு ஃபோக்ஸ்வேகன் அமெரிக்காவில் மாட்டியபோதே டீசலின் பெயர் கெட்டுவிட்டது.

அந்த வடிகட்டி நெடுந்தூரம் ஓடினால்தான் சூடேறி, படிந்த கரியை எரிக்கும். வீட்டிலிருந்து கிளினிக் வரை 3 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டும் டாக்டர் ஒருவர் டேஷ்போர்டில் வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று வந்தார். மண்டபம் வரை நிற்காமல் ஒரே சீராக ஓட்டிவிட்டு வாங்க என்றேன். போய் வந்தார், விளக்கு அணைந்துவிட்டது. ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு டீசல் வேண்டாம்.

கீழக்கரை: காக்கா, மகன் துபாயில் ஹைபிரிட் ஓட்டுகிறான். அதற்கு கரண்ட் போட வேண்டுமா? எனக்கு மாதம் நாலைந்து தடவை மதுரை ஏர்போர்ட் போகணும்.

ஹைபிரிட் என்ற ஒரே பெயரில் மூன்று சரக்கு விற்கிறார்கள். மைல்டு ஹைபிரிட் மோட்டாரில் மட்டும் நகராது. இன்ஜினுக்கு ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். பெயருக்காக அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஸ்ட்ராங் ஹைபிரிட் மெதுவாகப் போகும்போது மோட்டாரில் போகும், பிரேக் பிடிக்கும்போது தன் பேட்டரியைத் தானே ஏற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து கரண்ட் போட வேண்டாம், போடவும் முடியாது. டொயோட்டா ப்ரியஸ் 1997லிருந்து செய்வது இதைத்தான். நம் ஊரில் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டும் 2022இல் இதோடு வந்தன. அவற்றின் பேட்டரியில் 0.76 யூனிட் கரண்ட்தான் பிடிக்கும்! மூன்றாவது பிளக்-இன், சுவரில் செருகி ஏற்றுவது. இங்கே அது அபூர்வம்.

ஸ்ட்ராங் ஹைபிரிட் காசை மிச்சம் பிடிப்பது நின்று நின்று போகும் டவுன் ஓட்டத்தில். நீங்களோ மதுரை ரோட்டில் 90இல் போகிறவர். அங்கே லாபம் குறைந்துவிடும். வரியும் சாதகமில்லை: எலெக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 4 மீட்டரைத் தாண்டிய ஹைபிரிடுக்கு 40. உங்கள் ஓட்டத்துக்கு சாதாரண பெட்ரோல் காரே போதும் காக்கா.

ராமேஸ்வரம்: டாக்ஸி ஓட்டுகிறேன் அண்ணே. எலெக்ட்ரிக் எடுக்கலாமா?

தனுஷ்கோடி சவாரிதான் அதிகம் என்றால் யோசிக்காமல் எடுங்க தம்பி. அரிச்சல்முனை போய்த் திரும்பினால் 40 கிலோமீட்டர் சொச்சம். ஒரு யூனிட்டில் 6, 7 கிலோமீட்டர் ஓடும். வீட்டில் ஏற்றினால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் முடியும்; பெட்ரோலில் 6, 7 ரூபாய். ஒரு எச்சரிக்கை: வீட்டு மீட்டர் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும். டாக்ஸி ஓட்டத்துக்கு நிச்சயம் தாண்டும்.

மதுரை சவாரி என்றால் ஒரு வழியே 170 கிலோமீட்டர். 30 யூனிட் பேட்டரியில் ஏசி போட்டுப் போனால் ஏர்போர்ட் போய்ச் சேரும்போது உங்களுக்கு வியர்த்துவிடும். 45 யூனிட்டாவது வேண்டும், திரும்பும் முன் அங்கே ஏற்றியாக வேண்டும். காற்றையும் கணக்கில் வையுங்கள். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பாம்பன் பாலத்தில் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) பறக்கும். எதிர்க்காற்றில் 80ஐத் தாண்டாதீர்கள். வாடகை வீட்டில் சார்ஜர் மாட்ட ஓனர் சம்மதிப்பாரா என்பதை வண்டி பார்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தொண்டி: வீடு கடலிலிருந்து 200 மீட்டர். உப்புக் காற்றில் இதெல்லாம் தாங்குமா?

இந்தக் கேள்விக்கு பதில் சொல்லத்தான் நான் உட்கார்ந்ததே. பேட்டரியை நினைத்துப் பயப்படாதீர்கள். அது சீல் வைத்த பெட்டிக்குள் இருக்கிறது. முதலில் அடிபடுவது பிரேக் டிஸ்க். எலெக்ட்ரிக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடும். பிரேக் பேடு டிஸ்கைத் தொடுவதே அபூர்வம். தேய்மானம் இல்லாததால் துரு உட்கார்ந்துகொள்கிறது. என் காரில் பின்சக்கர டிஸ்க் எட்டாவது மாதமே செங்கல் நிறத்துக்கு வந்து, காலையில் எடுக்கும்போது கரகரவென்றது. இப்போது வாரம் இரண்டு தடவை, மோட்டாரே வேகத்தைக் குறைக்கும் அந்த ரீஜெனைக் குறைத்து வைத்து, காலி ரோட்டில் நாலைந்து முறை அழுத்தமாகப் பிரேக் பிடிக்கிறேன். சத்தம் போய்விட்டது. அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் சார்ஜிங் வாயில் பீய்ச்சாதீர்கள்.

அடுத்தது எர்த். ஒரு நாள் ராத்திரி என் சார்ஜர் சிவப்பு விளக்கோடு நின்றுவிட்டது. கார் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் மண்ணைத் தோண்டிப் பார்த்தால் எர்த் பைப் நொறுக்குத்தீனி மாதிரி கையோடு உதிர்கிறது. உப்பு மண் கரண்டை நன்றாகக் கடத்தும், இரும்பையும் நன்றாகத் தின்னும். வயரிங் வேலை பார்க்கிறவன் வீட்டிலேயே இந்த லட்சணம்! செம்பு ராடு போட்டேன், பிரச்சினை தீர்ந்தது.

மூன்றாவது, கடல்தண்ணீர் ஏறினால். பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 என்று தரம் போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது சோதனை. அது நல்ல தண்ணீர். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயல் கடலை ஊருக்குள் தள்ளியபோது, மூழ்கிய சில எலெக்ட்ரிக் கார்கள் தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. உள்ளே தங்கிய உப்புதான் காரணம். 1964 தனுஷ்கோடியைப் பார்த்த மாவட்டம் நம்முடையது. புயல் எச்சரிக்கை வந்தால் காரை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள்.

பாம்பன்: காரெல்லாம் மாறுகிறது, எங்கள் விசைப்படகு மாறாதா?

ஒரு தடவை தொழிலுக்குப் போக 200 லிட்டர் டீசல் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் வீணடிப்பது போக, லிட்டருக்கு மூன்றரை யூனிட் வேலை கிடைக்கும். மொத்தம் 700 யூனிட். 30 யூனிட் கார் பேட்டரியில் இது 24 வேண்டும், எடை நாலரை டன்னாவது வரும். அப்புறம் மீனை எங்கே வைப்பது? கரையோரம் போய்வரும் சின்ன வள்ளத்துக்கு வேண்டுமானால் முதலில் வரும்.

கமுதி: நம் ஊர் சோலார் கரண்டில்தான் கார் ஓடுமா?

கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016லிருந்து இருக்கிறது. அதன் கரண்ட் பொது லைனில்தான் கலக்கிறது. நீங்கள் ராத்திரி சார்ஜ் போட்டால் சூரியன் எங்கே வந்தது? பகலில் போடுங்கள்.

பெரியபட்டினம்: ஐடிஐ சேரப் போகிறேன் அண்ணா. டீசல் மெக்கானிக் எடுக்கவா, எலெக்ட்ரிக் வண்டி டிரேடா?

தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் எலெக்ட்ரிக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று. ஆசை வருவது சரிதான். ஆனால் உன் ஊரைச் சுற்றி ஓடும் படகும் டிராக்டரும் லாரியும் இன்னும் பல வருடம் டீசல்தான். எலெக்ட்ரிக் டிரேடு எடு, லீவில் ஒரு டீசல் பட்டறையில் நில்லு. ஸ்பானரைவிட மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொள். எலெக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற வயரைப் பார்த்தால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள். அதில் பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதை எப்படித் துண்டிப்பது என்று சனிக்கிழமை கடைக்கு வந்தால் காட்டுகிறேன். ரப்பர் கிளவுஸ் நான் தருகிறேன்.