செய்வினையும் அம்மாவின் நோயும் – கடிதமும் பதிலும்

வணக்கம். மந்திரம் தெரிந்த மூன்று தலைமுறைப் பெண்களை வைத்து, கைபேசியில் உருட்டி வாசிக்கிற சித்திரத்தொடர் ஒன்று வரைகிறேன். களம் யாழ்ப்பாணம். அம்மம்மா ஒரு காலத்தில் செய்வினை செய்தவர். அம்மா பல வருடங்களாகக் கதை பேச்சில்லாமல் அறைக்குள்ளேயே இருக்கிறார். 17 வயது மகளுக்கு இருந்தாற்போல நெஞ்சு படபடத்து மூச்சடைக்கும். அம்மம்மாவின் செய்வினைதான் அம்மாவின் நோய்க்குக் காரணம் என்ற இரகசியம் 12ஆம் அத்தியாயத்தில் வெளிவரும். செய்வினையை நீக்க மகள் கழிப்புக் கழித்ததும் அம்மா எழும்பிச் சிரிப்பார். இது சரியாக வருமா? இன்னொன்று: தமிழில் எழுத்துப் போட்டால் கொம்புகள் இடம் மாறி நிற்கின்றன. அதற்கு என்ன வழி?

— கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி

அன்பின் வாசகிக்கு,

12ஆம் அத்தியாயத்தை மாற்றுங்கள். செய்வினைதான் நோய் என்று கதை சொன்னால், கழிப்புத்தான் மருந்து என்றும் அது சொல்லிவிடும். எங்கள் ஊரில் இது வெறும் கற்பனை இல்லை. ஒருத்தி நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் கிடந்தால் பார்வை பார்ப்பிப்பார்கள், நூல் கட்டுவார்கள். கிளினிக்குக்குக் கூட்டிப்போவது பல வீடுகளில் அதற்கெல்லாம் பிறகுதான். அப்படிப் பிந்திப்போன ஒரு வீட்டுப் பிள்ளையும் உங்கள் தொடரை வாசிக்கும்.

மந்திரத்தை விடச் சொல்லவில்லை. மந்திரத்துக்கு ஒரு விதி வையுங்கள், நோயை அதன் சொந்த விதிப்படி விடுங்கள். அம்மம்மா மழையை அழைக்கட்டும், பெட்டகத்தைத் தொடாமல் திறக்கட்டும், வைரவர் கோயில் நாய் அவரோடு பேசட்டும். அம்மாவின் நித்திரையை மட்டும் அவரால் திருப்பித்தர முடியாது. உங்கள் இரகசியமும் வீணாகாது: ‘என்ர வினைதான் என்ர பிள்ளையைப் பிடிச்சது’ என்று அம்மம்மா நம்புகிறார், அதனால் வாய் திறக்காமல் இருக்கிறார். அந்த நம்பிக்கை பிழை என்பது 12இல் தெரியவரட்டும். கழிப்பைவிட அது கனமான காட்சி.

அப்படியானால் அம்மாவுக்கு உண்மையில் என்ன நடந்தது? 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணத்து வலிகாமம் மக்கள் போரால் இடம்பெயர்ந்தபோது அவர் சிறுபிள்ளையாக இருந்திருப்பார். பிறகு அவருடைய அண்ணன் காணாமற்போனார் என்று வையுங்கள். இறந்தவரின் படத்துக்கு மாலை போடுவோம். காணாமற்போனவரின் படத்துக்குப் போட மனம் வராது. மாலையில்லாத அந்தப் படத்தை முதலாம் அத்தியாயத்திலிருந்தே சுவரில் வரையுங்கள். ஒருவரும் அதைப்பற்றிக் கதைக்கவேண்டாம். மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடக்கின் கூட்டு மனவடு பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வு, தனி ஆளோடு நின்றுவிடாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பார்க்கிறது. மூன்று தலைமுறைக் கதைக்கு அந்தப் பார்வை நன்றாகப் பொருந்தும்.

நோயை வரையும்போது தலையைச் சுற்றிக் கரும்புகை வேண்டாம். எங்கள் ஆட்கள் ‘மனச்சோர்வு’ என்று சொல்வது குறைவு. ‘தலை இடிக்குது, உடம்பு எரியுது, நெஞ்சுக்கை என்னவோ செய்யுது’ என்பார்கள். ஆறிப்போன தேத்தண்ணி, எண்ணெய் காணாத தலைமயிர், நெஞ்சில் வைத்த கை, ஒரு பெருமூச்சு போதும்.

மகளின் பதற்றம் சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி, பிறகு மெல்ல இறங்கும். 800 பிக்சல் அகலத்தில் தொடங்கும் கட்டங்களை 600, 450, 300 என்று ஒடுக்குங்கள்; இடைவெளியையும் 200இலிருந்து 40 வரை குறையுங்கள். உச்சம் தாண்டியதும் ஒரு வெறும் இடம். நீளமான கைபேசித் திரையில், 800 அகலப் படத்தின் சுமார் 1700 உயரம்தான் ஒரு தடவையில் தெரியும். வெறும் இடம் அதைவிடக் கூடினால் திரை முழுக்கக் காலியாகும். ஒரு அத்தியாயத்தில் ஒருமுறைதான் செய்யலாம். இரண்டாம் முறை வாசகர் படம் வரவில்லை என்று நினைத்துவிடுவார். அதன்பின் களைப்பையும் காட்டுங்கள். பதற்றம் போன கையோடு எவரும் ஓடித்திரிவதில்லை.

கோயிலில் உரு வந்து ஆடுகிறவரை நோயாளியாக வரையாதீர்கள். ஊர் ஏற்றுக்கொண்ட சடங்குக்குள் வருகிற உருவை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் நோயாகக் கணக்கெடுப்பதில்லை.

கிளினிக் காட்சி வந்தால், அடுத்த கட்டத்திலேயே அம்மா சிரிக்கக்கூடாது. மனச்சோர்வு மருந்து வேலைசெய்யப் பொதுவாக 2 முதல் 4 கிழமை எடுக்கும், சிலருக்கு இன்னும் கூட. முதல் நாட்களில் வயிற்றுப் பிரட்டல் வரலாம். பலர் மருந்தை விடுவது அந்த இடத்தில்தான். ஆகவே அங்கே இரண்டு அத்தியாயம் செலவழியுங்கள். அம்மாவின் முதல் மாற்றம் சிரிப்பாக இல்லாமல், தானே எழும்பிக் கிணற்றடிக்குப் போவதாக இருக்கட்டும். அந்த அத்தியாயங்களின் அடியில் 1926 என்று எழுதுங்கள். இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேரத் தொலைபேசி இலக்கம் அது.

கொம்பு இடம் மாறுவது உங்கள் பிழை இல்லை. தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத ஓவியச் செயலிகளில் ‘கெ’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய போட்டோஷொப் பதிப்பு என்றால் எழுத்து விருப்பத்தேர்வில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை மாற்றுங்கள். மற்றச் செயலிகளுக்கு, வசனத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் யுனிகோட்டில் தட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து ஒட்டுங்கள். யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் கொம்பைத் தனி எழுத்தாக முன்னுக்குத் தட்டுவதால் அது படத்தில் சரியாகவே விழும். ஆனால் வசனத்தின் யுனிகோட் பிரதி ஒன்றை வைத்திருங்கள். பாமினி எழுத்துருவில்லாத இடத்தில் அது வாசிக்க ஏலாத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும்.

1600 அகலத்தில் வரைந்து 800க்குக் குறைப்பதானால், குறைத்த பிறகு எழுத்து 32 பிக்சலுக்குக் கீழே போகக்கூடாது. பேச்சுக்குமிழை அகலமாக விடுங்கள், ஒரு வரியில் இரண்டு மூன்று சொல், சொல்லை நடுவில் முறிக்காமல். எங்கள் பேச்சுத்தமிழ் இதற்கு நல்ல உதவி: ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ கொள்ளாத குமிழுக்குள் ‘போறன்’ கச்சிதமாக அடங்கும்.