பாதி வெளுத்த உருண்டைப் பூச்சி: நோய் இல்லை

பூந்தொட்டிக்கு அடியில் கிடைத்த, தொட்டால் உருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் பூச்சிகளில் ஒன்றின் பின்பாதி மட்டும் வெளுத்திருக்கிறது, நோயா என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம், அது தோல் உரிக்கிறது. அசல் பூச்சிகள் பொதுவாக முழுத் தோலையும் ஒரே மூச்சில் கழற்றிவிடும். இவை முதலில் பின்பாதி, ஒரு நாள் போல கழித்து முன்பாதி என்று இரண்டு தவணையாக உரிக்கும். உரித்த தோலைத் தின்றும்விடும், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வீணாகக் கூடாதே!

அப்புறம், இவற்றை வைத்திருக்கும் பெட்டியில் "பூச்சி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மாற்றிவிடுங்கள். 14 கால் என்று நீங்களே எண்ணியிருக்கிறீர்கள், பூச்சிக்கு 6தான். உடம்பின் ஒரு கண்டத்துக்கு (வளையம் போன்ற பகுதிக்கு) ஒரு ஜோடி வீதம் 7 ஜோடி கால் இருப்பதால் மரவட்டையும் இல்லை; அதற்குப் பெரும்பாலான கண்டங்களில் இரண்டிரண்டு ஜோடி. இது இறால், நண்டின் சொந்தக்காரன், நிலத்துக்குக் குடிவந்த ஓட்டுடலி.

கண்ணாடி டம்ளரில் விட்டு அடியிலிருந்து பாருங்கள். வாலருகே சின்ன வெள்ளைத் திட்டுகள் தெரியும். மூச்சு அது வழியாகத்தான். ஈரம் போனால் திணறிச் செத்துவிடும், அதனால் பெட்டிக்குள் நனைந்த மண்ணும் மக்கிய இலையும் கட்டாயம். தண்ணீர் தேங்கவிடாதீர்கள். பெண்ணாக இருந்தால் மார்புக்கு அடியில் ஒரு பையில் முட்டைகளைச் சுமப்பதையும் பார்க்கலாம்.

தோல் உரித்து முடிக்கும்வரை அதை மட்டும் தொடாமல் விடுங்கள். புது ஓடு இறுகும்வரை உடம்பு மெத்தென்றிருக்கும்.