கன்சோல் செய்யலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மடிக்கணினி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வன்பொருள் வடிவமைப்பில் இருக்கிறேன். நாங்களும் கேம் கன்சோல் செய்யலாமே என்று அலுவலகத்தில் பேச்சு ஓடுகிறது. இன்றைய கன்சோல் உள்ளுக்குள் கணினிதானே? சிப், கூலிங், போர்டு எல்லாம் எங்களுக்குக் கைவந்த வேலை. மைக்ரோசாஃப்ட் வெளியிலிருந்து வந்து காலூன்றவில்லையா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

உள்ளுக்குள் கணினிதான், சந்தேகமே இல்லை. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் இருந்தது ஏஎம்டி நிறுவனத்தின் எக்ஸ்86 சிப், சாதாரணக் கணினிகளில் இருக்கும் அதே வகை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கணினி விற்பவர்களுக்கு வருஷா வருஷம் புது மாடல் வேண்டும், ஒவ்வொரு பெட்டியிலும் லாபம் நிற்க வேண்டும். கன்சோலில் ஒரே பெட்டியை ஆறேழு வருஷம் மாற்றாமல் காப்பாற்ற வேண்டும். ஆரம்பத்தில் பெரும்பாலும் நஷ்டத்துக்கே விற்றுவிட்டு, விற்பனையாகும் ஒவ்வொரு கேமிலிருந்தும் வரும் பங்கில் அதை மீட்க வேண்டும்.

மாற்றாமல் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இன் மொத்த மெமரி 512 எம்பி. பிராசசரும் கிராஃபிக்ஸும் அதையே பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். எட்டு வருஷம் கழித்து, 2013-இல், ஜிடிஏ 5 என்ற கேம் அதே பெட்டியில் ஓடியது: ஒரு முழு நகரம், சுற்றிலும் மலை, கடல். நீங்கள் காரில் விரையும்போது, எதிரே வரப்போகும் தெரு மெமரிக்குள் ஏறிக்கொண்டிருக்கும், கடந்து வந்த தெரு அழிந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் அதை நடத்திக்காட்ட ஒரு புரோகிராமர் கடைசி எம்பி வரைக்கும் மல்லுக்கட்டியிருப்பார். கோடிக்கணக்கான வீடுகளில் அச்சு அசலாக அதே 512 எம்பி இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அவரை அந்தப் பாடு பட வைக்கிறது. அடுத்த வருஷமே மாடலை மாற்றுகிற நிறுவனத்துக்காக யாரும் அப்படி உழைக்க மாட்டார்கள்.

ஆப்பிள் இதில் பட்டிருக்கிறது. தங்கள் மேக் கணினியின் தொழில்நுட்பத்தை வைத்து அவர்கள் வடிவமைத்த பிப்பின் என்ற கன்சோலை, உரிமம் வாங்கிய ஜப்பானிய பொம்மை நிறுவனம் பண்டாய் 1996-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி பிராசசர், அமெரிக்காவில் விலை 599 டாலர். அதே வருஷம் அங்கே நின்டெண்டோ 64 வந்தது, 199 டாலருக்கு. பிப்பினுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கேம்கூட இல்லை. மறுவருஷமே கடையைக் கட்டினார்கள். 1993-இல் அமிகா சிடி32 என்ற கன்சோலைக் கொண்டுவந்த கணினி நிறுவனம் கொமடோர், 1994 ஏப்ரலில் நிறுவனத்தையே மூடியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்தப் பெட்டி அவர்களைக் கரையேற்றவில்லை.

மைக்ரோசாஃப்டைக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இன்றைக்கும் வலிக்கும் விஷயம் ஒன்று அதில் இருக்கிறது. 1999-இல் ஹேலோ என்ற கேமை மேக் கணினிகளுக்கான மேக்வேர்ல்ட் மாநாட்டு மேடையில் உலகத்துக்குக் காட்டியவர் ஸ்டீவ் ஜாப்ஸ். மறுவருஷம் அதைச் செய்துகொண்டிருந்த பஞ்ஜி நிறுவனத்தையே மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் வந்த அன்று கூடவே ஹேலோவும் வந்தது. மக்கள் எக்ஸ்பாக்ஸ் வாங்க ஓடியதற்கு முதல் காரணம் அந்த கேம். பிறகும் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. பெட்டியின் முகப்பில் பழுதைக் காட்டும் சிவப்பு விளக்கு வளையம் எரிந்து எக்ஸ்பாக்ஸ் 360-கள் செத்துப்போனபோது, 2007-இல் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டிய வகையில் மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். உங்கள் நிறுவனம் அதைத் தாங்குமா?

கணினி நிறுவனம் ஜெயித்த கதையும் உண்டு. 1987-இல் என்இசி கொண்டுவந்த பிசி எஞ்ஜின் என்ற கன்சோல் ஜப்பானில் நன்றாக விற்றது. அதன் சிப்களை வடிவமைத்தது ஹட்சன், ஒரு கேம் நிறுவனம்.

வேறு வழி இருக்கிறது: கையில் பிடித்து ஆடும் கேம் கணினி. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையை நடத்தும் வால்வ், 2015-இல் பல கணினி நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்டீம் மெஷின் என்ற கேம் பெட்டியை விற்றுப் பார்த்தது, எடுபடவில்லை. அதில் இருந்தது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் இயங்குதளம்; அதில் ஓட கேம்கள் போதவில்லை. 2018-இல் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்டது. அதன் பிறகு, 2022-இல்தான் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வந்தது. மறுவருஷம் அஸூஸும் லெனோவோவும் விண்டோஸ் ஓடும் கையடக்கக் கருவிகளைக் கொண்டுவந்தன. கேம் விற்பனையில் பங்கு வராது, பெட்டியில்தான் லாபம் பார்க்க வேண்டும். அது நீங்கள் தினமும் செய்கிற தொழில், அதைச் செய்யுங்கள்.

கன்சோல்தான் வேண்டும் என்று மேலிடம் பிடிவாதமாக நின்றால், எந்த சிப் என்ற பேச்சை அடுத்த கூட்டத்தில் எடுக்கவே விடாதீர்கள். முதல் காசோலை எந்த கேம் ஸ்டூடியோவுக்குப் போகிறது, எப்போது போகிறது என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்