செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டால் வழக்கு முடிந்துவிடுமா?

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குறவர் சமூகத்தைச் சேர்ந்த அவருடைய தம்பி நகைத் திருட்டு வழக்கில் சிறையில் இருக்கிறார். கைதுக்கு முன்பே அவருடைய படம் ‘திருடன்’ என்று ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் பரவிவிட்டது. “கோர்ட்டில் ஒத்துக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களோடு விட்டுவிடுவார்கள்” என்று பலரும் சொல்கிறார்களாம்; ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மா. மாஜிஸ்திரேட் முன்னிலையில் ‘செய்தேன்’ என்று சொல்லித் தண்டனை பெற்றவர், பிறகு மேல்முறையீட்டுக்குப் போனாலும், பொதுவாகத் தண்டனையின் அளவைப் பற்றித்தான் வாதாட முடியும். அதைவிடக் கொடுமை, அடுத்த திருட்டு எங்கே நடந்தாலும் ‘பழைய குற்றவாளி’ என்று உங்கள் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-லேயே நீக்கப்பட்டும் அந்தப் பார்வை நீங்காமல் இருப்பதற்கு, இப்படி அலுத்துப்போய் ஒப்புக்கொண்ட வழக்குகளும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய வாக்குமூலத்தைக் கண்டு பயப்படாதீர்கள். போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியம் ஆகாது என்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த வாக்குமூலத்தின் பேரில் நகை மீட்கப்பட்டதாகக் காட்டினால், மீட்புக்கு வழிவகுத்த பகுதி மட்டும் செல்லும் என்பதால், வழக்கின் உயிரே மகஜரில், அதாவது நகையைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன்னிலையில் எழுதிய பத்திரத்தில்தான் இருக்கிறது. அதிலுள்ள நேரமும் இடமும் கைது நேரத்தோடு பொருந்துகின்றனவா, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் பறிமுதலை வீடியோ எடுப்பது கட்டாயம். அந்த வீடியோவையும் கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அழித்துவிடாதீர்கள். எந்தக் குழுவில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்தது என்பது தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, அந்த போனையும் பத்திரமாக வைத்திருங்கள். படத்தை முன்பே பார்த்துவிட்ட சாட்சி, அடையாள அணிவகுப்பில் (பலரோடு வரிசையில் நிறுத்தி ஆளை அடையாளம் காட்டச் சொல்வது) உங்கள் தம்பியைக் காட்டினால் அதற்குப் பெரிய மதிப்பில்லை.

மகாராஷ்டிரத்தில் 2003-ல் நடந்த ஒரு கொலை வழக்கில், நேரில் பார்த்த பெண் போலீஸ் படத்தொகுப்பிலிருந்து வேறு 4 பேரை அடையாளம் காட்டியிருந்தும், அவர்களை விசாரிக்காமல் நாடோடிப் பழங்குடியினர் 6 பேரைத் தூக்குமேடை வரை கொண்டுபோனார்கள். 2009-ல் தூக்கை உறுதி செய்த உச்ச நீதிமன்றமே 2019-ல் அவர்களை விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992-ல் சந்தனக் கடத்தல்காரர்கள் என்று பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சிறையில் அடைத்தார்கள். அந்த மக்கள் விடாமல் நின்றதால்தான், 2011-ல் குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார். கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100 எண்ணில் பேசுங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்பே வக்காலத்தில் (வக்கீலுக்கு வழக்கை நடத்த அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) தம்பியின் கையெழுத்து விழுந்துவிட வேண்டும்.