இடித்தது யார், கட்டவிட்டது யார்? வாசகர் கேள்விகள்

கே: யூதர் கோயிலை இடித்தது பாபிலோனியரா, ரோமானியரா?

ப: எந்தக் கோயில்? முதலாம் கோயிலை கி.மு. 586 வாக்கில் பாபிலோன் மன்னர் நேபுகாத்நேச்சாரின் படை இடித்தது. இரண்டாம் கோயிலை கி.பி. 70இல் ரோமானியத் தளபதி டைட்டஸின் படை. இனி முதலாமா இரண்டாமா என்று எழுதிவிட்டுக் கேளுங்கள்.

கே: பாபிலோனியர் இடித்து எத்தனை ஆண்டு கழித்து மீண்டும் கட்டினார்கள்? எனக்கு கி.மு. 656 என்று வருகிறது.

ப: வரும், 586உடன் 70ஐக் கூட்டினால்! கி.மு.வில் கழிக்க வேண்டும். சுமார் 70 ஆண்டு கழித்து, பாரசீக மன்னர் தரியு காலத்தில், கி.மு. 515 வாக்கில் வேலை முடிந்தது.

கே: பாபிலோனைப் பிடித்த பாரசீக மன்னர் சைரஸின் உருளையில் எருசலேம் கோயிலைக் கட்டச் சொல்லும் ஆணை இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உலகின் முதல் மனித உரிமைப் பட்டயமும் அதுதானாமே?

ப: மாதம் தவறாமல் யாராவது இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சுட்ட களிமண் உருளை சுமார் ஒரு சாண் நீளம். 1879இல் பாபிலோனில் கிடைத்தது. எழுத்து ஆப்பெழுத்து, மொழி அக்காடியம், புகழப்படும் தெய்வம் பாபிலோனின் மர்துக். அந்தத் தெய்வமே சைரஸைத் தேர்ந்தெடுத்து பாபிலோனைக் கையில் கொடுத்ததாம். மெசப்பொத்தேமிய ஊர்களின் சாமி சிலைகளை அவரவர் கோயிலுக்குத் திருப்பி அனுப்பியதாகவும் சொல்கிறது. யூதர், எருசலேம் என்ற பேச்சே கிடையாது. நீங்கள் சொல்லும் ஆணை விவிலியத்தின் எஸ்றா புத்தகத்தில் வருகிறது. உருளையின் போக்கு அதோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். 'மனித உரிமை' பட்டம் 1971இல் ஈரான் ஷா நடத்திய விழாவையொட்டி ஊதிப் பெருக்கப்பட்டது. வென்ற ஊர்க் கோயிலுக்குக் கொடுத்து நல்ல பெயர் வாங்குவது அங்கே பழைய அரச வழக்கம். கருணை இருந்திருக்கலாம், கணக்கும் இருந்தது. ஃபார்வர்டு செய்வதற்கு முன் மொழிபெயர்ப்பை ஒரு தடவையாவது படியுங்கள்.

கே: எருசலேமுக்கு வெளியே யூதருக்குக் கோயிலே இருந்ததில்லை, சரிதானே?

ப: சரியில்லை. எகிப்தில், நைல் நதியின் எலிபன்டைன் தீவில், பாரசீகருக்குப் படைவேலை செய்த யூதர்கள் ஒன்று வைத்திருந்தார்கள். கி.மு. 410இல் க்னூம் தெய்வத்தின் பூசாரிகள் உள்ளூர் பாரசீக அதிகாரியைச் சரிக்கட்டி அதை இடிக்க வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து யூதேயாவின் ஆளுநருக்கு எழுதிய மனு பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் கிடைத்திருக்கிறது: ஐந்து கல்வாசல், வெண்கலக் கீல், கேதுரு மரக் கூரை என்று போனதையெல்லாம் வரிசையாகச் சொல்லி அழுகிறார்கள். கட்டிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. தானியப் படையலுக்கும் தூபத்துக்கும் அனுமதி. மிருகப் பலி பற்றி மூச்சே இல்லை. இடித்தவரும் பாரசீக அதிகாரி, கட்டவிட்டவரும் பாரசீக அதிகாரி.

கே: சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னர் அந்தியோகஸ் எருசலேம் கோயிலை இடித்தாரா?

ப: இல்லை. கி.மு. 167இல் தீட்டுப்படுத்தினார். மூன்று ஆண்டில் யூதக் கிளர்ச்சியாளர்களான மக்கபேயர் மீட்டார்கள், ஹனுக்கா பண்டிகை அதற்குத்தான். இடித்தது வேறு, தீட்டுப்படுத்தியது வேறு.

கே: ரோமானியருக்குக் கீழ் ஆண்ட மன்னர் ஏரோது புதுப்பித்துக் கட்டி முடித்த இரண்டாம் கோயிலின் சுவர்தானே எருசலேமில் இன்றைய மேற்குச் சுவர்?

ப: இரண்டு தப்பு. அது கோயில் சுவர் அல்ல, கோயில் நின்ற மேடையைத் தாங்கிய சுவர். ஏரோது முடிக்கவும் இல்லை: சுவரின் தென்பகுதியில் அடிக்கற்களுக்குக் கீழே கி.பி. 17 வாக்கில் அச்சடித்த காசுகள் கிடைத்தன. அவர் இறந்ததோ கி.மு. 4இல்.

கே: மூன்றாம் கோயிலுக்கு யாரும் முயலவில்லையா?

ப: ரோமப் பேரரசர் ஜூலியன், கி.பி. 363. தொடங்கிய வேலை தீயால் நின்றது. அதே ஆண்டு பாரசீகப் போரில் அவரும் இறந்தார்.