கஜாவில் குவித்த சாமான்

கேள்வி: அக்கா, எங்களுடையது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய ஓட்டு வீடு. 2018 கஜா புயலில் பாதி ஓடு பறந்துவிட்டது. நனையாத இடமாகப் பார்த்து எல்லாச் சாமானையும் கூடத்தில் குவித்தோம். ஓடு மாற்றியாயிற்று, குவியல் அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் அம்மா சேர்த்தது வேறு. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. 71 வயது அம்மா ஒரு தகர டப்பாவைக்கூட வெளியே போட விடமாட்டார். நான் திருப்பூரில், தம்பி சிங்கப்பூரில். சித்திரையில் ஒரு வாரம் லீவில் வருகிறான். அம்மாவைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டிராக்டர் பிடித்து ஒரேயடியாக ஒழித்துவிடலாம் என்கிறான். எப்படித் தயாராவது?
– வாசகி, திருப்பூர்

பதில்: தங்கச்சி, அம்மாவை ஊருக்கு அனுப்பிவிட்டு இந்த வேலையைத் தொடாதே. நான் அதைச் செய்தவள்.

2016 மகாமகத்துக்கு அம்மாவைக் கும்பகோணத்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, நானும் அண்ணனும் மூன்றே நாளில் வீட்டைக் காலி செய்தோம். இரண்டு வண்டி சாமான் போனது. திரும்பி வந்த அம்மா கூடத்தில் நின்று ஒன்றுதான் கேட்டார்: “மரக்கால் எங்கடி?” அப்பா களத்தில் கூலி நெல் அளந்த மரக்கால். பித்தளைப் பூண் போட்டது. பழைய சாமான்காரர் பூணுக்காகவே எடுத்துப் போயிருந்தார். மன்னார்குடியில் கடை கடையாக ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருடம் உயிரோடு இருந்தார் அம்மா. ஒரு நாள்கூட என் முன்னால் பெட்டியைத் திறக்கவில்லை. சாவி முந்தானை முடிச்சிலேயே இருந்தது. இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

தம்பியின் ஒரு வாரம் பாரம் தூக்குவதற்கு. அதற்கு முன்னால் நீ இரண்டு மூன்று தடவை போய்வர வேண்டும். சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனி சரியான காலம். வெயில் இருக்கும், வாசலில் பரப்பி வைக்கலாம், ஆள் கிடைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்கிவிடாதே.

முதல் தடவை போகும்போது எதையும் வெளியே போடாதே. காகிதம் மட்டும் தேடு. நான் கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்தவள். பத்திரத்தைத் தொலைத்துவிட்டுக் கண்ணீரோடு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காவல் நிலையத்தில் புகார், பத்திரிகையில் விளம்பரம் என்று அலைய வேண்டும். நம் பக்கத்தில் காகிதம் பெட்டியில் மட்டும் இருக்காது. சாமி படத்துக்குப் பின்னால், புடவை மடிப்பில், கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பையில், பரணில் இருக்கிற காலி அண்டாவுக்குள், எங்கும் இருக்கும். மூலப் பத்திரம், பழைய பட்டா, நிலவரி கட்டிய கிஸ்தி ரசீது, கூட்டுறவுச் சங்க நகைக்கடன் சீட்டு, எல்.ஐ.சி. பாலிசி, அஞ்சலகச் சேமிப்புப் பத்திரம் எது கிடைத்தாலும் ஒரே பையில் போடு. கிஸ்தி ரசீதைக் குப்பை என்று நினைக்காதே. எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூடிஆர் பதிவில் பெயர் மாறிப்போன நிலத்துக்கு, அந்த மங்கின துண்டுச் சீட்டுதான் கைகொடுக்கும். புயலில் நனைந்து ஒட்டிக்கொண்ட பத்திரத்தைப் பிய்க்காதே. பதிவான பத்திரமாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

அப்பா பெயரில் பழைய வங்கிப் புத்தகம் கிடைத்தால் பத்திரப்படுத்து. 10 வருடம் கேட்பாரில்லாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கி நிதிக்குப் போய்விடும். ஆனாலும் வாரிசுகள் வங்கியில் கேட்டு வாங்கலாம். இதைத் தேட 2023-இல் ‘உத்கம்’ என்று ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறார்கள். தம்பி சிங்கப்பூரில் இருந்தபடியே அதில் தேடிப் பார்க்கட்டும்.

ஓலைச்சுவடி கிடைத்தால் எண்ணெய் தடவுகிறேன், வெயிலில் வைக்கிறேன் என்று எதுவும் செய்யாமல் துணியில் சுற்றித் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ சரசுவதி மகால் நூலகத்திலோ காட்டு. ஆடிப்பெருக்கில் சுவடியை ஆற்றில் விட்ட ஊர்கள் உண்டு. அதை எழுதி வருந்தியவர் நம் பாபநாசத்துப் பக்கம் உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ.வே.சா.

அடுத்தது பாம்பு. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. உடைந்த ஓடு, சாக்கு, விறகு குவிந்த இடத்தில் கட்டுவிரியன் பகலெல்லாம் சுருண்டு கிடக்கும். கடித்தால் பெரிதாக வலிக்காது, அதுதான் ஆபத்து. சந்தேகம் வந்தாலே அரசு மருத்துவமனைக்கு ஓடு, மந்திரிக்கப் போகாதே. கையை விடுவதற்கு முன் நீளக் கம்பால் தட்டிப் புரட்டு. பாம்பைப் பார்த்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல். எலிப்புழுக்கை கிடக்கும் இடத்தை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு அள்ளு. மூடின செருப்பு, கையுறை, முகக்கவசம் மூன்றும் வேண்டும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கஜாவில் வீடே பிய்ந்து போனதைப் பார்த்தவர், அப்புறம் துணையையும் இழந்தவர். டப்பாவை இறுக்கிப் பிடிப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் படுக்க இடமில்லாமல், அடுப்பு வரைக்கும் சாமான் வந்த பிறகும் ஒரு கிழிந்த பையைக்கூட விட முடியாமல் தவிக்கிறார் என்றால், அது மனநோயாகவும் இருக்கலாம். மருத்துவ உலகம் 2013-இல் இதைத் தனி நோயாக வகைப்படுத்தியது. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் அழைத்துப் போகலாம். வீட்டைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்.

வேலை நடக்கிற நாளெல்லாம் அம்மாவுக்குக் கூடத்தில் ஒரு நாற்காலி போடு. ஒவ்வொன்றாகக் கையில் கொடு, அவர் சொல்வதைக் கேள். ஒரு மணி நேரத்தில் பத்து சாமான்தான் நகரும், பரவாயில்லை. தம்பிக்கு இன்றே போன் செய்து, டிராக்டர் கடைசி நாள் வந்தால் போதும் என்று சொல். உங்கள் வீட்டு மரக்கால் அந்தக் குவியலில்தான் எங்கேயாவது இருக்கும். அதை முதலில் தேடி எடுத்துத் துடைத்து, அம்மா கண்ணில் படும் இடத்தில் வை. அப்புறம் மற்றதில் கை வை.